குதிரையின் மறுப்பு

பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்து முஸ்லிம் குடும்பங்களின் பழைய நிலப் பத்திரங்களைப் புரட்டினால், பாட்டனார் பெயர்களுக்குப் பின்னே 'ராவுத்தர்' என்னும் சொல்லைப் பலவிடங்களில் காணலாம். குதிரை வீரர் என்பது அதன் பொருள். சொல் நம்மிடம் தங்கிவிட்டது, குதிரை போய்விட்டது. திருச்சி–சென்னை நெடுஞ்சாலையில் செல்வோர் கண்ணில் படும் ரஞ்சன்குடிக் கோட்டைப் பக்கத்தில், 1751-ஆம் ஆண்டு, பிரெஞ்சுக்காரர் துணையோடு சந்தா சாகிபின் படையும் ஆங்கிலேயர் துணையோடு முகம்மது அலியின் படையும் மோதின. வாலிகண்டபுரம் போர் என்பது அதுவே. அன்று நம் மண்ணில் மனிதரைச் சுமந்து விழுந்த குதிரைகள் எந்த நவாபுக்காக விழுகிறோம் என்பதை அறிந்திருக்குமா?

போர்க்களத்துக் குதிரை இன்று விளையாட்டுக் களத்தில் நிற்கிறது. 2018-ஆம் ஆண்டு ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் பெங்களூரைச் சேர்ந்த ஃபவாத் மிர்சா, செய்னர் மெடிகாட் என்னும் குதிரையின் மீதமர்ந்து 'ஈவெண்டிங்' போட்டியில் தனிநபர் வெள்ளிப் பதக்கம் பெற்றார். 1982-இல் டெல்லியில் ரகுபீர் சிங் தங்கமும், குலாம் முகம்மது கான் வெள்ளியும், பிரகலாத் சிங் வெண்கலமும் வென்ற பிறகு, குதிரையேற்றத்தில் தனிநபர் பதக்கம் நம் நாட்டுக்கு வர 36 ஆண்டுகள் ஆயின. அச்செய்தியைப் படித்து மகிழ்ந்தவர்களுள் நாமும் சேர்வோம். மகிழ்ச்சிக்கு அடியில் ஒரு கேள்வி உறுத்தியபடி இருக்கிறது. இந்த வெற்றியில் குதிரைக்குப் பங்கு உண்டு என்பதை எல்லாரும் ஒப்புவர். குதிரைக்குச் சம்மதம் உண்டா?

போட்டியின் அமைப்பை அறியாமல் இக்கேள்வியின் கனம் விளங்காது. பழைய குதிரைப்படை அதிகாரிகளின் தேர்விலிருந்து வளர்ந்தது ஈவெண்டிங்; ஒலிம்பிக்கில் 1912-ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோமில் இடம்பெற்றது. ஒரே குதிரை, ஒரே வீரர், மூன்று சோதனைகள். முதலில் டிரெஸாஜ்: எல்லை வகுத்த திடலில் குதிரை அமைதியோடும் ஒழுங்கோடும் நடை பயின்று காட்டவேண்டும். அடுத்தது கிராஸ்கன்ட்ரி: மேடு, பள்ளம், நீர்நிலை, அசையாத மரத்தடைகள் இவற்றைத் தாண்டிக் காலக்கெடுவுக்குள் ஓடவேண்டும். இறுதியில் தட்டினால் விழும் கம்புகளைத் தாண்டுதல். பிழைக்குப் பிழை தண்டப் புள்ளி ஏறும்; குறைவாகப் பெற்றவரே வென்றவர்.

இதில் நம் சிந்தனையை நிறுத்திவைக்கும் செய்தி ஒன்று உண்டு. கிராஸ்கன்ட்ரிக்கு முன் வீரர் அப்பாதையைத் தம் கால்களால் நடந்து பார்க்கிறார். இரண்டு முறை, மூன்று முறைகூட நடக்கிறார். எந்தத் தடைக்கு அப்பால் பள்ளம், எங்கே தண்ணீர், எங்கே திருப்பம் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். குதிரையோ ஒவ்வொரு தடையையும் ஓடி வரும் வேகத்தில்தான் முதன்முதலாகக் காண்கிறது. அப்போதும் முழுமையாகக் காண்பதில்லை. அதன் கண்கள் தலையின் இருபக்கங்களில் அமைந்தவை. நெற்றிக்கு நேர் முன்னே சிறிது இடம் அதற்குப் புலப்படாது. தாவும் அந்தக் கணத்தில் தடை அவ்விடத்துக்குள் மறைந்துவிடுகிறது. அப்பால் நிலம் இருக்கிறது என்பதற்குக் குதிரையிடம் உள்ள ஒரே சான்று, முதுகில் இருப்பவர் போகச் சொன்னார் என்பதுதான். இதற்கு நாம் 'பழக்குதல்' என்று பெயரிடுகிறோம். 'அமானத்' என்று சொன்னாலும் மிகையாகாது.

குதிரை சில வேளை நின்றுவிடும். கிராஸ்கன்ட்ரியில் முதல் மறுப்புக்கு 20 புள்ளிகள் தண்டம். விதிநூல் அதைக் கீழ்ப்படியாமை என்று வகைப்படுத்துகிறது. வாயில்லாச் சீவன் ஒன்று தனக்குத் தெரிந்த ஒரே மொழியில் 'இயலாது' என்று சொல்வதற்கு மனிதன் சூட்டிய பெயர் அது!

2021-ஆம் ஆண்டு டோக்கியோவில் ஒரே வாரத்தில் இரண்டு நிகழ்ச்சிகள் நடந்தன. ஆகஸ்ட் 1-ஆம் நாள் சுவிட்சர்லாந்து வீரரின் ஜெட் செட் என்னும் பதினான்கு வயதுக் குதிரை, கிராஸ்கன்ட்ரி ஓட்டத்தில் காலின் தசைநார் அறுந்து நொண்டியது. குணப்படுத்த வழியின்றி அன்றே அதன் உயிரை முடித்துவைத்தார்கள். அது மறுக்கவில்லை. தடை தடையாகத் தாண்டிக்கொண்டே வந்தது. நொண்டியதும் நிறுத்திய அந்த வீரரைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. எனினும் குதிரையின் மௌனத்தைச் சம்மதம் என்று கொள்வதற்கில்லை என்பதை அக்குதிரை காட்டிவிட்டது.

சில நாள் கழித்து நவீன ஐந்துவகைப் போட்டியில் வேறொன்று நடந்தது. அங்கே குதிரையைச் சீட்டுக் குலுக்கித் தருவார்கள். பழகிக்கொள்ள 20 நிமிடமே அவகாசம். முன்னணியில் இருந்த ஜெர்மன் வீராங்கனைக்குக் கிடைத்த செயிண்ட் பாய் என்னும் குதிரை தாண்ட மறுத்தது. அவர் அழுதுகொண்டே அதை அடித்தார். வெளியே நின்ற பயிற்சியாளர் கையால் குத்தினார். அப்பயிற்சியாளர் நீக்கப்பட்டார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிற்குப் பின் அப்போட்டியிலிருந்து குதிரையேற்றமே அகற்றப்பட்டது. இருபது நிமிட அறிமுகத்தில் நம்பிக்கையைக் கேட்டுப் பெற முடியாது என்பது அவையோர்க்குப் புரிய ஓர் உலகக் காட்சி தேவைப்பட்டது.

மேனாட்டாரை மட்டும் பேசி நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பாரசீக வளைகுடாவிலிருந்து பாண்டிய நாட்டுக் கரைக்கு ஆண்டுதோறும் பதினாயிரம் குதிரைகள் வரை வந்தன என்று வஸ்ஸாஃப் எழுதுகிறார். அவ்வணிகத்தை நடத்திய முஸ்லிம்களைப் பற்றி நாம் பெருமிதத்தோடு பேசுவது வழக்கம். அதே காலத்தில் வந்த மார்க்கோ போலோவின் குறிப்பையும் பெருமிதக்காரர்கள் சேர்த்துப் படிக்கவேண்டும். குதிரையைப் பேணத் தெரியாமல் இந்நாட்டில் அவை மடிந்தன. குதிரை வைத்தியம் அறிந்தவர்கள் இங்கே வந்துவிடாமல் வணிகர்கள் பார்த்துக்கொண்டார்கள், குதிரைகள் சாகச் சாக விற்பனை பெருகும் அன்றோ என்கிறார் அவர். மிகைப்படுத்தியிருக்கலாம். முற்றும் கற்பனை என்று தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை.

அப்படியானால் குதிரையோடு போட்டியிடுவதே தவறா? அவ்வாறு நாம் கருதவில்லை. நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மதீனாவில் குதிரைப் பந்தயம் நடத்தியதை இப்னு உமர் ரலியல்லாஹு அன்ஹு அறிவிக்கிறார்கள். அவர்களே அதில் கலந்துகொண்டவர்கள். உடல் இறுகப் பயிற்சி பெற்ற குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதா வரையிலான நெடுந்தொலைவு. பயிற்சி பெறாதவற்றுக்கு அங்கிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை, ஏறத்தாழ ஒரு மைல்தான். இந்த அறிவிப்பில் வென்றவர் யார் என்பதைவிட இரு தொலைவுகள் இருந்தன என்பதே நம்மைக் கவர்கிறது. மனிதனின் ஆசையை அளந்து பந்தயம் வைக்கவில்லை. குதிரையின் வலிமையை அளந்து வைத்தார்கள்.

இன்றைய அமெச்சூர் போட்டிகளிலும் இவ்வளவு உண்டு. பிரிட்டனில் 80, 90, 100 சென்டிமீட்டர் என்று தடையின் உயரமே வகுப்புகளுக்குப் பெயராகிவிட்டது. எண்பது சென்டிமீட்டர் என்பது நம் வீட்டு மேசையைவிடச் சற்றே உயரம். இதற்கா இத்தனை ஆராய்ச்சி என்று கேட்கத் தோன்றும். நமக்கென்னவோ கேள்வி கூர்மையாவது அங்கேதான் என்று படுகிறது. தொழில்முறை வீரருக்கு உடைமையாளர், ஆதரவு நிறுவனம், நாட்டுக் கொடி எனப் பல நெருக்கடிகள். வார நாள்களில் மருந்துக்கடையோ அலுவலகமோ பார்த்துவிட்டு விடுமுறையில் குதிரையேறும் அமெச்சூருக்கு எந்த நிர்ப்பந்தமும் இல்லை. விலகிக்கொள்ள அவரைவிடச் சுதந்திரமானவர் எவருமில்லை. ஆனால் கட்டணம் செலுத்தியாயிற்று, ஆறு மாதம் காத்திருந்தாயிற்று, மனைவி மக்கள் வேலியோரம் நின்று பார்க்கிறார்கள். குதிரையின் நடையில் ஏதோ சரியில்லை என்பது சேணத்தில் இருப்பவருக்கு மட்டும் தெரிகிறது. 'இன்னும் நான்கு தடைகள்தானே' என்று மனம் சொல்லும் அந்தக் கணத்தில் அவரைத் தடுக்க நடுவரில்லை, விதியில்லை. பிள்ளைகளைப் பரீட்சைக்கு அனுப்பும் பெற்றோர்க்கும் இந்தக் கணம் புதிதன்று.

குதிரை ஓட்டத்தை விரும்புகிறது, ஆகவே சம்மதிக்கிறது என்பாரும் உளர். திறந்தவெளியில் விட்டால் குதிரை தானே ஓடும், மெய்தான். சுற்றிப்போக வழியிருக்கும்போது கட்டையைத் தாண்டிச் செல்வது அதன் இயல்பன்று. தாண்டச் சொல்லிக் கேட்பவன் மனிதன். கேட்கலாம், ஏரில் மாட்டைக் கேட்கிறோம், வண்டியில் கேட்கிறோம். கேட்டவனுக்குப் பதிலைச் செவிமடுக்கும் கடமையும் வந்துவிடுகிறது. நின்ற குதிரையைச் சாட்டையால் கேட்பதற்கும், இறங்கிக் காலைத் தடவிப் பார்ப்பதற்கும் இடையிலுள்ள தொலைவைப் புள்ளிப் பலகை காட்டுவதில்லை.

பெரிய போட்டிகளில் இறுதித் தாண்டலுக்கு முன் கால்நடை மருத்துவர் முன்னிலையில் குதிரையை நடத்தியும் ஓட்டியும் காட்டவேண்டும். அதற்கு முன்பே, விடியற்காலையில் லாயத்தில் காலைத் தொட்டுப் பார்த்துச் சூடு தெரிந்ததும், எவரும் சொல்லாமலே விலகிக்கொள்ளும் வீரர்கள் இருக்கிறார்கள். முடிவுப் பட்டியலில் அவர்கள் பெயருக்கு எதிரே எண் இராது. விலகினார் என்ற குறிப்பு மட்டும் இருக்கும்.