முளைத்த தானியத்தில் குற்றம் எங்கே?

பாரிஸின் கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பின்னால், லாச்சப்பல் கடைத்தெருவைத் தாண்டி வடக்கே போனால் ரூ பஜோல். 1985இல் தொடங்கிய மாணிக்கவிநாயகர் ஆலயம் அங்கே இருக்கிறது. மேற்கே ரயில் தண்டவாளங்களைக் கடந்தால் கூத் தோர் வட்டாரம். அங்கே ரூ மிர்ஹாவில் 2011 வரை வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு வந்தவர்கள் தெருவிலேயே பாய் விரித்துத் தொழுதார்கள். அதே கூத் தோரில் 2012இல் தியெரி ரோஷ் என்பவர் சிறு பியர் ஆலை ஒன்றைத் தொடங்கினார். தன் பியர்களுக்கு அக்கம்பக்கத்துப் பெயர்களையே வைத்தார். அவற்றில் ஒன்றின் பெயர் மிர்ஹா.

தொழுகை நடந்த தெருவின் பெயர் பியர் போத்தலில் ஒட்டப்பட்டிருக்கிறது. இதில் தவறு ஏதும் உண்டா? உண்டென்றால் எதில்? தானியத்திலா, அது புளித்த நேரத்திலா, குடித்த பின் வரும் மயக்கத்திலா, ஊற்றுகிறவர் மனதிலா? மதங்கள் ஆளுக்கொரு பதில் வைத்திருக்கின்றன. வீட்டுச் சமையலறையில் ரை என்ற தானியத்தின் மால்ட் போட்டுப் பியர் காய்ச்சுபவரை வைத்துப் பார்த்தால் இந்தக் கேள்வி துலக்கமாகும். அவர் வாங்குவது தானியம். மதுவாக மாற்றுவது அவர் கை.

தானியத்தை ஊறவைத்து, முளைகட்டி, காயவைத்தால் மால்ட். முளைக்கும்போது விதைக்குள் உருவாகும் நொதிகள் மாச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கத் தயாராகின்றன. பிறகு 65 முதல் 68 பாகை வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறினால் இனிப்பான சாறு கிடைக்கும். அதை ஈஸ்ட் தின்று மதுவாக்கும். ரையில் மட்டும் ஒரு சங்கடம். பார்லிக்கு உமி உண்டு, ரைக்கு இல்லை. போதாததற்கு அதிலுள்ள பிசின் சத்து கலவையைக் களியாக்கி, சாறு வடியாமல் அடைத்துவிடும். அதனால் வீட்டில் காய்ச்சுபவர்கள் பலர் 5 கிலோ மால்ட்டில் அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரைதான் ரை சேர்ப்பார்கள். மிளகு போன்ற இலேசான காரத்துக்கு அதுவே போதும். அடைப்பை நீக்க அவர்கள் கலப்பது நெல் உமி. ஐரோப்பியக் குளிர்நிலத் தானியத்தை வடியவைக்க நெல்வயலின் கழிவு தேவைப்படுகிறது.

முளைத்தானிய மது தமிழருக்குப் புதிதில்லை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், வலைஞர் குடியிருப்பில் மது செய்யும் முறை விரிவாக வருகிறது. குற்றாத அரிசியைக் களியாகக் காய்ச்சி, அகன்ற தட்டில் ஆற்றி, நல்லடையைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளையவிட்டுப் பிழிகிறார்கள். அந்த நல்லடையை முளைநெல்லால் ஆனதென்று உரைகாரர்கள் விளக்குகிறார்கள். மால்ட் என்ற சொல் இல்லை, வேலை அதுதான். இதே வேலை இன்றும் தமிழ் வீடுகளில் நடக்கிறது. குரக்கனை, தமிழ்நாட்டார் சொல்லும் கேழ்வரகை, முளைகட்டி அரைத்துக் குழந்தைக்குக் கூழ் காய்ச்சுகிறோம். அதே நொதிகள் கூழை இளக்குவதால் குழந்தையின் சிறு வயிற்றுக்கு அதிக மாவு கொடுக்க முடிகிறது. நேபாளத்திலும் சிக்கிமிலும் அதே குரக்கனைப் புளிக்கவைத்து தொங்பா என்று குடிக்கிறார்கள்.

ஆகவே முளைக்கு எதிராக யாரும் வழக்குப் போட முடியாது. புளித்த முளையைத்தான் வேதமரபு இரண்டு விதமாகப் பார்த்தது. சௌத்ராமணி என்னும் வேள்வியில், முளைத்த நெல்லும் பார்லியும் சேர்த்துக் காய்ச்சிய சுரா இந்திரனுக்கும் அசுவினி தேவருக்கும் சரஸ்வதிக்கும் படைக்கப்பட்டது. பின்னால் வந்த மனு நூல் அதே சுராவை அன்னத்தின் அழுக்கு என்று ஒதுக்கி, அதைக் குடிப்பதைப் பெரும்பாதகத்தில் சேர்த்தது. தேவர்களுக்கு ஏற்றது மனிதருக்கு அழுக்கானது எப்படி? பொருள் மாறவில்லை. தூய்மையை யார் வரையறுத்தார் என்பது மாறியது.

யூத மரபு குற்றத்தை நேரத்தில் வைத்தது. பஸ்கா நாட்களில் கோதுமை, பார்லி, ஸ்பெல்ட், ஓட்ஸ், ரை ஆகிய ஐந்தும் புளித்திருந்தால் வீட்டில் இருக்கவே கூடாது. மாவில் தண்ணீர் பட்டு 18 நிமிடத்துக்குள் சுட்டு முடித்த அப்பமே செல்லும். பண்டிகை முடிந்ததும் ரை பியருக்கு மீண்டும் அனுமதி. கத்தோலிக்க மரபோ ரையை வேறு வழியில் விலக்குகிறது. 1429இல் ஜோன் ஆஃப் ஆர்க் செபித்ததாகச் சொல்லப்படும் லாச்சப்பல் செயிந்த் தெனி தேவாலயத்தில் திருப்பலிக்கு வைக்கும் அப்பம் கோதுமையால் மட்டுமே ஆனதாக இருக்க வேண்டும். 2017இல் வத்திக்கான் இதை மறுபடியும் வலியுறுத்தியது. ரை ரொட்டி உணவாகலாம், அப்பமாக முடியாது. ஆனாலும் துறவிகள் பியர் காய்ச்சி மடத்தை நடத்துவதை அதே திருச்சபை ஏற்கிறது.

ரையே குற்றவாளியான காலமும் உண்டு. கதிரில் எர்கொட் பூஞ்சை பிடித்த ரையைத் தின்றவர்களுக்குக் கைகால் எரிந்து அழுகியது. அந்த நோயைப் புனித அந்தோனியார் நெருப்பு என்றார்கள். நோயாளிகளைப் பராமரிக்க 11ஆம் நூற்றாண்டின் முடிவில் பிரான்சில் அந்தோனியார் சபை தோன்றியது. ரொட்டி தின்றவர்களையும் அந்த நோய் விட்டுவைக்கவில்லை.

இஸ்லாமிய விவாதம் விளைவை நோக்கிப் போனது. கலீபா உமர் ஒரு பிரசங்கத்தில் திராட்சை, பேரீச்சை, தேன், கோதுமை, பார்லி என்று ஐந்து மூலப்பொருள்களைச் சொல்லிவிட்டு, அறிவை மறைப்பதெல்லாம் மது என்று வரையறுத்ததாக ஹதீஸ் பதிவு செய்கிறது. பட்டியலில் ரை இல்லை, வரையறையில் உண்டு. இமாம் அபூ ஹனீஃபா திராட்சை மதுவையும் தானிய பானங்களையும் ஒரே தராசில் வைக்கவில்லை. பிந்தியதில் போதையையே எல்லையாகக் கொண்டார். பெரும்பாலான அறிஞர்கள் அதை ஏற்காமல், அதிகம் மயக்குவதில் சிறிதும் விலக்கே என்றார்கள்.

வள்ளுவரும் விளைவின் பக்கமே. கள்ளுண்ணாமை அதிகாரத்தில் எந்தத் தானியம், எந்தப் பாளை என்ற விசாரணை கிடையாது. மதிப்பு போவதும், நாணம் போவதும், தன்னுணர்வை விலைகொடுத்து இழப்பதும்தான் அவர் வாதம். ஆறுமுக நாவலர் சைவ வினாவிடையில் கட்குடியைப் பாவங்களின் வரிசையில் வைத்தார். ஆனால் சிவகங்கைப் பக்கம் கருப்பசாமிக்குச் சாராயமும் சுருட்டும் இன்றும் படையலாகின்றன. தமிழ்நாட்டு அரசுக்கும் தெளிவான தத்துவம் இல்லை. 1987 முதல் கள் இறக்கத் தடை. 2003 முதல் சில்லறை மதுக்கடைகளை டாஸ்மாக் மூலம் அரசே நடத்துகிறது.

2010 ஜூன் 18 அன்று கூத் தோரில் பன்றிச் சாசேஜும் வைனும் பரிமாறும் திறந்தவெளி விருந்துக்குத் தீவிர வலதுசாரிகள் அழைப்பு விடுத்தார்கள். முஸ்லிம் அண்டைவீட்டாரைச் சீண்டுவதே நோக்கம் என்பது எல்லோருக்கும் தெரியும். காவல்துறைத் தலைமையகம் தடைசெய்தது. அந்த வைன் பாரிஸில் எங்கும் கிடைக்கும் வைன்தான். அன்று குற்றம் கிண்ணத்தில் இல்லை, ஊற்ற நினைத்தவர்களிடம் இருந்தது. ரோஷ் தன் பியருக்கு மிர்ஹா என்று பெயர் வைத்ததை இதோடு சேர்க்க முடியாது. அந்த வட்டாரத்திலேயே காய்ச்சி, அந்த வட்டாரத்தின் பெயரால் விற்றார். அப்போதும் அங்கே தொழுதவருக்கு அந்தப் பெயர் உறுத்தினால், அந்த உறுத்தலும் பொய்யில்லை.

பொருளில் குற்றம் தேடுபவர்களுக்குப் பட்டியல் போதும், நேரத்தில் தேடுபவர்களுக்கு நாட்காட்டி போதும். விளைவையும் உறவையும் பார்ப்பவர்களுக்கு ஒவ்வொரு முறையும் ஆளைப் பார்த்தாக வேண்டும். இந்தக் கடைசி வழிதான் வீட்டில் காய்ச்சுபவருக்குக் கடினம், ஏனென்றால் அது மூலப்பொருளைச் சாக்காக ஏற்பதில்லை. ரையின் அளவைக் குறைத்தாலும் கூட்டினாலும் கணக்கு மாறாது. சாறு 1.050 அடர்த்தியில் தொடங்கி 1.012இல் நின்றால் மது ஏறக்குறைய 5 சதவீதம் என்பதை ஹைட்ரோமீட்டர் சொல்லிவிடும். அதைக் குடித்து வருபவனைக் கண்டு பெற்ற தாய் முகம் சுளிப்பாளா என்பதையே வள்ளுவர் முதன்மையான சோதனைகளில் ஒன்றாக வைத்தார். லாச்சப்பலின் சின்ன வீடுகளில் அந்தத் தாய் பெரும்பாலும் அடுத்த அறையில்தான் இருக்கிறாள். புளிக்கும் வாளியின் வாசம் அவளுக்கு முதல் நாளே தெரிந்துவிடும்.