பொய்முடியும் மெய்முகமும்

'பொய்முடி' என்னும் சொல்லிலேயே பழி ஒட்டிக்கொண்டிருக்கிறது. பொய்க்காலில் நடப்பவரை நாம் பொய்யர் என்பதில்லையே!

1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோய் குணமாகியும் புருவமின்மையால் ஒதுக்கப்பட்டோருக்கு, தலைத்தோலின் ஒரு துண்டை இரத்தக்குழாயோடு நெற்றித்தோலுக்கடியில் கொண்டுவந்து புருவம் அமைத்தார். அது தலைமுடிபோல் நீண்டு வளரும். கத்தரித்தால்தான் இயல்பாகத் தோன்றும். சிலரோ பெருமையோடு வளரவிட்டனராம்! இதை ஏமாற்று என்போமா? நோய் நீங்கிய பின்னும் 'நோயாளி' என்று முகம் பறைசாற்றியதன்றோ பொய்?

புற்றுநோய் மருந்தால் முடியிழந்த பெண், அடர்த்தி குறைந்த பொய்முடியை நெற்றி விளிம்பு தெரியாதபடி அணிந்து, ஆம்பூர்க் காலணித் தொழிற்சாலைக்குத் திரும்புகிறாள் என்று கொள்வோம். மணம் பேச வருவோரிடம் நோயை மறைத்தால், அது வேறு வழக்கு. பேருந்தில் உற்றுநோக்கும் நமக்கு அவள் எந்த உண்மைக்குக் கடன்பட்டிருக்கிறாள்?