இல்லமும் இளம் பிள்ளையும்

சைவப் பாடசாலை ஆசிரியப் பெருமக்காள்,

ஆண்டுதோறும் சித்திரைச் சதயத்தை முன்னிட்டுத் திருநாவுக்கரசு நாயனாரது குருபூசையைக் கொண்டாடுகின்றோம். மாணாக்கருக்கு அவர் சரித்திரத்தைச் சொல்லுகின்றோம். சொல்லும்பொழுது சூலைநோயையும், நீற்றறையையும், கடலிலே கல் மிதந்ததையும் விரித்துரைத்து, அவற்றுக்கு முன் நிகழ்ந்தவற்றை நான்கு வாக்கியத்திலே முடித்து விடுகின்றோம். அந்நான்கு வாக்கியத்துள் ஒரு குடும்பத்தின் கதை முழுவதும் அடங்கிக் கிடக்கின்றது. பெற்றோரை இழந்த ஓர் இல்லம். தம்பியாரை வளர்த்த ஒரு தமக்கையார். வளர்ந்தபின் தமக்கையார் நின்ற நெறியை விட்டு வேறு நெறியிற் சென்ற ஓர் இளைஞர். இவ்வில்லத்தை நும்முன் வைத்து, பதின்மூன்று முதற் பத்தொன்பது வயது வரையுள்ள பிள்ளைகளை வளர்க்கும் முறை யாது என்பதைச் சிறிது ஆராய்வாம்.

இப்பருவத்தைப் பற்றி இல்லந்தோறும் எழும் முறைப்பாடு ஒன்றே. "நேற்றுவரை மடியிலிருந்த பிள்ளை இன்று முகங்கொடுத்துப் பேசுகின்றானில்லை. கேட்டால் ஒரு சொல்லில் விடை, கேளாவிட்டால் அடைத்த கதவு, கையிலே எந்நேரமும் தொலைபேசி" என்று தாய்மார் வருந்துகின்றனர். தந்தையரோ "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா" என்னும் பழமொழியைச் சொல்லிக் கைவிடுகின்றனர். ஐந்துக்கும் ஐம்பதுக்கும் இடையிலே பதினைந்து என ஒன்று உண்டென்பதை அவர் மறந்தனர் போலும். இவர்கள் முறையிட வருமிடம் பாடசாலை, கேட்பவர் நீவிர். நும்முட் பலர் மாலையில் வீடு சென்றால் அதே முறையீட்டைத் தம் மனையிலும் கேட்பவர். ஆதலால் இது பிறர்பொருட்டு மாத்திரம் பேசப்படும் விடயம் அன்று.

சரித்திரத்தைக் காண்பாம். திருமுனைப்பாடி நாட்டுத் திருவாமூரிலே புகழனாருக்கும் மாதினியாருக்கும் திலகவதியாரும் மருணீக்கியாரும் மக்களாய்ப் பிறந்தனர். புகழனார் இறந்தார், மாதினியாரும் அவரோடு உயிர் நீத்தார். திலகவதியாருக்கு மணம் பேசப்பட்டிருந்த சேனைத்தலைவராகிய கலிப்பகையார் போரிலே பட்டார். இளமையிலே இத்தனை துயரையும் ஒருங்கே கண்ட திலகவதியார் தாமும் உயிர்விடத் துணிந்தார். அப்பொழுது மருணீக்கியார் அவரடியில் வீழ்ந்து, தாயும் தந்தையும் போனபின் தாம் உயிர் தாங்கியிருப்பது தமக்கையாரை வணங்கும் பொருட்டே என்றும், அவர் போவாராயின் தாம் முன்னே போவதாகவும் சொல்லி அழுதார். தம்பியார் வாழ்தல் வேண்டும் என்னும் இரக்கத்தினால் அம்மையார் உயிர் தாங்கினார். மனையிலிருந்தே தவஞ்செய்தார். 12 ஆம் நூற்றாண்டிலே சேக்கிழார் அருளிய பெரியபுராணம் உரைக்கும் வரலாறு இதுவாகும்.

இது நமக்குத் தூரத்துக் கதையன்று. 1983 தொடக்கம் 2009 வரை இந்நாட்டிலே நிகழ்ந்த போரிற் கணவரையும், பெற்றோரையும், மணம் பேசியிருந்தவரையும் இழந்து, தம்பி தங்கையரையும் பேரப்பிள்ளைகளையும் வளர்த்த பெண்கள் வடக்கிலும் கிழக்கிலும் எத்துணையர்! தந்தை பிறநாட்டில் உழைக்க, பாட்டியாரே தாயும் தந்தையுமாய் நிற்கும் மனைகளும் பல. மாணாக்கர் பதிவேட்டிலே பாதுகாவலர் என்னும் இடத்தில் அக்காள் பெயரையோ அம்மம்மா பெயரையோ நீவிர் எழுதியிருப்பீர். அப்பெயரை எழுதும்போதெல்லாம் திலகவதியாரை நினைதல் தகும். தகப்பனில்லாப் பிள்ளை தறுதலையாகும் என்று வாய்தவறியும் சொல்லுதல் தகாது. தாய் தந்தையர் இருவரையும் இழந்த மனையிலிருந்தே நமக்கு ஒரு சமயகுரவர் கிடைத்தார்.

மருணீக்கியார் வளர்ந்தார். உலகத்து நிலையாமையை உணர்ந்து தம் பொருளை அறத்திற் செலவிட்டார். அறச்சாலையும் தண்ணீர்ப்பந்தரும் வைத்தார்; சோலை வளர்த்தார்; குளந் தோண்டினார்; விருந்தினரைப் பேணினார். அதன்பின்னரே மெய்ந்நெறி யாதென்று ஆராயப் புகுந்து, பாடலிபுத்திரஞ் சென்று சமண் சமயத்திலே சேர்ந்து, அங்கே தருமசேனர் என்னும் பெயரும் தலைமையும் பெற்றார். இங்கே ஆசிரியர் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அவர் விலகியது தீயொழுக்கத்தினால் அன்று. உள்ளத்தில் எழுந்த ஒரு வினாவினால். இளமையில் மரணத்தைக் கண்ட பிள்ளைக்கு, "இவையெல்லாம் நில்லாவாயின் நிற்பது எது?" என்னும் வினா எழாது போகுமோ? நம் மாணாக்கருடைய முரட்டுத்தனத்தின் கீழும், மௌனத்தின் கீழும், பெரும்பாலும் ஒரு வினாக் கிடக்கின்றது. "ஏன் கோயிலுக்குப் போக வேண்டும்?" என்று கேட்கும் பிள்ளையை நாத்திகன் என்று வைது அனுப்புவோமாயின், அவன் வினா போகாது, அவனே போவான். வினாவோ மற்றொருவரிடம் விடை தேடும்.

தம்பியார் பிரிந்தபின் தமக்கையார் செய்தது யாது? பின்தொடர்ந்து சென்று வழக்கிட்டாரில்லை; ஊரவர் முன்னே பழித்தாரில்லை; வெறுத்துத் தலைமுழுகினாருமில்லை. கெடில நதிக்கரையிலுள்ள திருவதிகை வீரட்டானத்தை அடைந்து, நாள்தோறும் புலருமுன் எழுந்து, திருவலகிட்டு, ஆவின் சாணத்தால் மெழுகி, மலர் கொய்து மாலை தொடுத்துச் சாத்தினார். தம்பியாரை மீட்டருளும்படி இறைவரிடம் விண்ணப்பஞ் செய்தார். மறுநாளும் அதுவே செய்தார். இவ்வாறே பல நாள்கள் சென்றன. பிள்ளை விலகியபொழுது பெற்றோர் பெரும்பாலும் தம் கடமையையும் விட்டு விடுகின்றனர். விளக்கு ஏற்றப்படுவதில்லை; சமைத்தது உண்ணப்படுவதில்லை; வீடு முழுவதும் அப்பிள்ளையைச் சுற்றியே அழுகின்றது. அம்மையார் இல்லத்தில் அவ்வாறு நிகழவில்லை. திரும்பி வருபவனுக்கு ஓர் இடம் வேண்டுமாயின், அவ்விடம் முதலில் நிலைபெற்று இருத்தல் வேண்டும்.

சூலைநோய் தாங்காத தம்பியார் ஏவலாளனைத் தமக்கையாரிடம் அனுப்பினார். அம்மையாரோ தாம் அம்மடத்துக்கு வாரேம் என்று மறுத்துச் சொல்லி அனுப்பினார். அன்பே வடிவானவர் மறுத்தது ஏன்? இரங்குதல் வேறு, இணங்குதல் வேறு ஆதலால் என்க. பிள்ளை கேட்ட பணமெல்லாம் காரணங் கேளாது கொடுத்தலும், அவன் செய்த பிழையை அதிபரிடம் மறைத்தலும், போதைப்பொருளுக்கு அடிமையானவனுடைய கடனை மௌனமாய் அடைத்தலும் அன்பின்பாற்படா. ஆயின் மறுத்த அம்மையார் கதவை அடைத்தாரல்லர். தம்பியார் இரவோடிரவாக வந்து அடியில் வீழ்ந்தபொழுது, "யான் அன்றே சொல்லவில்லையா" என்று ஒரு சொல்லும் சொன்னாரில்லை. இறைவரது கருணையை நினைந்து கைதொழுது, எழுந்திருமென்று சொல்லி, திருவைந்தெழுத்தோதித் திருநீறு கொடுத்தார். புலருமுன் திருவலகும் தோண்டியும் எடுத்துக்கொண்டு திருப்பணிக்குப் புறப்படுகையிலே தம்பியாரையும் உடன் அழைத்துச் சென்றார். தமக்கையார் கையிலிருந்தது திருவலகு; பிற்காலத்தில் தம்பியார் கையிலிருந்தது உழவாரம். வயது ஏறுந்தோறும் பிள்ளை செவியாற் கேட்பது குறைந்து, கண்ணாற் காண்பது மிகும் என்பதற்கு இதனின் வேறு சான்று வேண்டுமோ?

இனி, இம்முறையை நித்தமும் நமக்குப் போதிக்கும் ஆசிரியர் ஒருவர் வீட்டு வளவிலேயே உளர். அவர் தோட்டம். புடோற்கொடி பந்தரிலே காய்த்துத் தொங்கும்போது, பிஞ்சின் நுனியிலே சிறு கல்லொன்றைக் கட்டுதல் யாழ்ப்பாணத்தார் வழக்கம். கட்டாவிட்டாற் காய் சுருண்டு வளையும்; கல் மிகப் பெரிதாயிற் பிஞ்சு அறுந்து விழும்; முற்றியபின் கட்டினாற் பயனில்லை. கட்டுப்பாட்டின் இலக்கணம் முழுவதும் அச்சிறு கல்லிலே உள்ளது. "அடியாத மாடு படியாது" என்பார் கட்டுவது பெருங்கல். நம் பாடசாலைகளிலே அடித்தலைக் கல்வி அமைச்சு 2005 ஆம் ஆண்டில் சுற்றுநிருபத்தினாலே தடுத்தது. சுற்றுநிருபம் இல்லாத வீட்டிலும் அடி அறுந்து விழவே செய்யும்.

மாங்கன்றை நட்டு, ஆடு கடியாதபடி நெருக்கமாய்க் கூடடைக்கின்றோம். அடைக்காவிட்டாற் கன்று இல்லை. மரம் பருத்தபின்னும் அக்கூட்டை எடாவிடின் அதுவே மரத்தை நெரிக்கும். ஏழு வயதுப் பிள்ளைக்கிட்ட விதியைப் பதினேழு வயதுப் பிள்ளைக்கும் இடுவார் இதனை எண்ணுக. வேலியை ஒரே நாளிற் பிடுங்குதலும் தவறு. அகலமாக்கிக் கொண்டே போதல் முறை. தோளுக்கு மேல் வளர்ந்தவன் தோழன் என்பதன் கருத்தும் அதுவே.

யாழ்ப்பாணத்துக் கிணற்று நீர், சுண்ணக்கற் பாறையினுள்ளே உவர்நீரின்மேல் மிதந்து நிற்கும் நன்னீர். அளவறிந்து இறைப்பார்க்கு அது தித்திக்கும். ஓய்வின்றி இறைத்தால் உவராகும். புத்திமதியும் இத்தன்மைத்து. காலையுணவிலும் புத்திமதி, மாலைத் தேநீரிலும் புத்திமதி, பரீட்சைக்கு முன்னும் பின்னும் புத்திமதி என்று இறைத்தால், இறுதியில் வருவது உவரே.

பனங்கொட்டையை நட்டவர், அது ஆண்பனையோ பெண்பனையோ என்பதைப் பாளை தள்ளுமளவும் அறியார். அதற்குப் பத்தாண்டின் மேலும் செல்லும். வடலியைப் பார்த்து ஒருவரும் தீர்ப்புச் சொல்லார். சாதாரணதரப் பரீட்சையின் பெறுபேறு வந்த அன்றே பதினாறு வயதுப் பிள்ளைக்கு நாம் தீர்ப்புச் சொல்லுகின்றோமே, இது என்ன அவசரம்!

ஆசிரியர்காள், கேட்டவற்றைச் செய்கையிற் கொள்ளச் சில கூறுவாம். நும்மிடம் வரும் பெற்றோருக்கும் இவற்றைச் சொல்லுமின்.

முதலாவது: நாளொன்றுக்கு ஒருவேளையாவது வீட்டார் அனைவரும் ஒருங்கிருந்து உண்ணல் வேண்டும். அவ்வேளையிலே தொலைபேசிகள் எல்லாம் ஓரிடத்தில் வைக்கப்படுக. தந்தையாரது தொலைபேசியே முதலில் வைக்கப்படுக. பிள்ளைக்கு ஒரு விதி, பெரியோருக்கு ஒரு விதி என்றால் அது விதியாகாது. அப்பந்தியிலே மதிப்பெண்ணைப் பற்றிப் பேசுதலும் ஒழிக.

இரண்டாவது: வளவிலே ஒரு பாத்தியையேனும், இடமில்லாதார் நான்கு சாடிகளையேனும் பிள்ளையின் பொறுப்பில் விடுக. செவ்வரத்தையோ நந்தியாவட்டையோ நட்டு, அதன் மலரைச் சுவாமிக்கு அவனே எடுத்து வைக்கட்டும். கத்தரியோ மிளகாயோ நட்டு, அதன் காயைத் தாயாரிடம் அவனே கொடுக்கட்டும். ஒருநாள் நீர் விட மறந்து செடி வாடினால், நீவிர் மறைவிற் சென்று நீர் விடாதீர், வைதலும் செய்யாதீர். வாடிய செடி சொல்லும் புத்திமதி போதும். பாடசாலையிலும், பூந்தோட்டத்தில் வேலை செய்தலைத் தண்டனையாக விதியாதிருத்தல் நன்று. திருநாவுக்கரசு நாயனார் உவந்து செய்த உழவாரத் தொண்டை நாம் குற்றவாளிக்குரிய வேலையாக்குதல் முறையோ?

மூன்றாவது: சந்தியிலே விளக்கேற்றித் திருநீறணிந்து ஒரு தேவாரம் ஓதுதலைப் பெரியோர் தாம் தவறாது செய்க. பிள்ளை வந்திருந்தால் மகிழ்க. வாராதிருப்பின் வலிந்திழுத்தலும் வேண்டா, நிறுத்திவிடுதலும் வேண்டா.

நான்காவது: வகுப்பிலே பலர் முன்னிலையில் இப்பருவத்துப் பிள்ளையை இகழாதீர். தனியே அழைத்து, "தம்பி" என்றும் "பிள்ளை" என்றும் விளித்து, ஒன்றே கேட்டு, விடைவருமளவும் பொறுத்திரும். அப்பிள்ளை நம்பிச் சொன்னதை ஓய்வறையிலே கதையாக்காதீர். அவன் உயிருக்கோ உடலுக்கோ தீங்கு வருவதாயின் மாத்திரம் உரியவருக்கு அறிவித்தல் கடன்.

ஐந்தாவது: நாயனார்க்கு வந்த சூலை திருவருளால் வந்தது; திருநீறணிந்து திருப்பதிகம் பாடத் திருவருளாலே நீங்கியது. இதனைக் காட்டி, உள்ளம் நொந்து உறங்காதிருக்கும் பிள்ளையையும், போதையில் விழுந்த பிள்ளையையும் வைத்தியரிடம் காட்டாதிருத்தல் பெருந் தவறாம். திருநீறும் இடுக, வைத்தியரிடமும் அழைத்துச் செல்லுக. இறைவர் வைத்தியர் வழியாகவும் அருளுவர்.

இவையெல்லாஞ் செய்தும் பிள்ளை திரும்பானாயின் என்செய்வது என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வி. நடுதல், நீர் விடுதல், களை பிடுங்குதல் ஆகிய இவை தோட்டக்காரன் செயல். முளைப்பதும் பூப்பதும் அவன் செயலல்ல. திலகவதியார் தம் தம்பியார் திருநாவுக்கரசராவார் என்று அறிந்து தம்பியாரை வளர்த்தாரல்லர். மறுநாள் திருமுற்றம் மெழுகப்படல் வேண்டும் என்பதை மாத்திரம் அறிந்திருந்தார். பிள்ளை பிரிந்த காலத்திலும் மெழுகினார். வந்த நாளிலும் மெழுகவே சென்றார்.

ஆதலின், இம்முறை குருபூசையிலே சரித்திரஞ் சொல்லும்போது, கல் மிதந்த கதைக்கு முன்னே தமக்கையாரது கதையைச் சற்று நின்று சொல்லுமின். முன்வரிசையிலிருக்கும் சிறுவர் கல்லைக் கேட்டு வியப்பர். பின்வரிசையிலே தலைகவிழ்ந்திருக்கும் பதினைந்து வயதுப் பிள்ளையோ, தவறிப்போனவரும் திரும்பி வரலாம், வந்தால் வைவார் இல்லாத வாசலும் ஒன்று உண்டு என்பதைக் கேட்பான். அவ்வாசல் அவன் வீட்டிலே இல்லையாயின், நும் வகுப்பறையிலாவது இருக்கும்படி எல்லாம்வல்ல வீரட்டானேசுரர் அருள்புரிவாராக.

திருச்சிற்றம்பலம்.