காரணம் அறியா நோயும் காப்போர் கடமையும்

முன்னுரை

வீட்டில் அன்புடன் வளர்க்கும் கோழியொன்று திடீரெனத் தீவனம் மறுத்து, இறகு சிலிர்த்து, கண்மூடி ஒதுங்கி நிற்கிறது. மருந்து கொடுத்தும் தேறவில்லை. நோய் இன்னதென்றும் விளங்கவில்லை. சந்தை விலையை நோக்கின் அதன் மதிப்பு மருத்துவச் செலவினும் குறைவு. இந்நிலையில் வளர்ப்பவரின் கடமை யாது? காரணம் தெரியாதபோது கடமையும் நீங்கிவிடுமா? இவ்வினாக்களைத் திருக்குறட் கருத்துகள் இரண்டன் துணைகொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

அறிதலின் எல்லை

பிற விலங்குகளுக்கு இரையாகும் உயிர்கள் பலவற்றைப் போலக் கோழியும் தன் நலிவை மறைக்கும் இயல்பினது. ஆதலின் சோர்வு வெளிப்படும் வேளையில் நோய் பெரும்பாலும் முற்றியிருக்கும். வெளிப்படும் குறிகளும் ஐயத்திற்கு இடமானவை. கால் செயலிழத்தல், வெள்ளைக்கழிச்சல் எனப்படும் இராணிக்கெட் நோயிலும் உண்டு, மாரெக் நோயிலும் உண்டு, சத்துக்குறைவாலும் நேரும். இறந்தபின் உடலை அறுத்துச் சோதித்தே காரணம் துணியப்படுவதும் உண்டு. அறிவு வந்து சேரும்போது அதனால் பயன்பெற வேண்டிய உயிர் இருப்பதில்லை.

இரு குறட்கருத்துகள்

நோயையும் அதன் காரணத்தையும் தணிக்கும் வழியையும் ஆராய்ந்து, பிழையாமல் மருத்துவம் செய்யுமாறு மருந்து அதிகாரத்தில் (குறள் 948) வள்ளுவர் கூறுகிறார். இங்குச் செயல் அறிதலைச் சார்ந்துள்ளது. காரணம் புலப்படாதவிடத்து இந்நெறி மேற்செல்ல இயலாது நிற்கிறது.

இன்னாசெய்யாமை அதிகாரத்திலோ (குறள் 315), பிறவுயிரின் துன்பத்தைத் தன் துன்பம்போல் கருதிக் காவாதவர்க்கு அறிவினால் ஆகும் பயன் என்னவென்று வினவுகிறார். இங்கு அறிவின் பயனே பரிவைச் சார்ந்துவிடுகிறது. இரு குறள்களிலும் 'நோய்' என்னும் சொல்லே ஆளப்பட்டிருப்பினும் முன்னதில் அது உடற்பிணியையும் பின்னதில் துன்பத்தையும் குறிக்கிறது. பிணியின் பெயர் அறியாதவரும் துன்பத்தைக் காண இயலும். மேலும், 315ஆம் குறளில் 'பிறன்' என்னாது 'பிறிது' என அஃறிணைச் சொல் அமைந்திருத்தல், அக்கடமை மாந்தரோடு நின்றுவிடாமையை உணர்த்துகிறது எனலாம்.

கொல்லுதலும் காத்தலும்

துன்பத்தைக் கண்டவர் உயிரை நீக்கி அதனை முடிக்கலாமா என்பது அடுத்த வினா. 1928இல் சபர்மதி ஆசிரமத்தில் நோயுற்றுத் துடித்த கன்றொன்றை, பிழைக்கும் வழியில்லை எனக் கண்டபின், காந்தியடிகள் ஊசிமருந்தால் உயிர்நீங்கச் செய்வித்தார். அகிம்சை நெறியினர் பலர் அதனைக் கண்டித்தனர். அத்தகைய செயலுக்கு அவர் கூறிய நிபந்தனைகளுள் நோய் தீராதது என்பதும் ஒன்று. காரணம் அறியா நோயில் அவ்வுறுதி எளிதிற் கிட்டாது. மீட்க இயலாத செயலுக்கு மிகுந்த உறுதி வேண்டும். நீர் புகட்டவும் குளிர் படாமல் காக்கவும் அத்துணை உறுதி வேண்டுவதில்லை.

எனினும் அறியாமை பிற உயிர்களுக்கும் இடராகலாம். 2006 பிப்ரவரியில் மகாராட்டிர மாநிலம் நந்துர்பார் மாவட்டத்து நவாப்பூரில் பறவைக்காய்ச்சல் உறுதிப்பட்டபோது, நோயுற்றவை, நோயற்றவை என்னும் வேறுபாடின்றிக் கோழிகள் பெருந்தொகையாக அழிக்கப்பட்டன. ஆதலின் நோயுற்ற கோழியைத் தனியே வைத்தலும், தொட்டபின் கைகழுவுதலும், பல கோழிகள் ஒருங்கே மடியின் கால்நடை மருத்துவர்க்கு அறிவித்தலும் பரிவின் பகுதிகளேயாம். தனியே வைத்தல், பிற கோழிகள் கொத்தாமல் அதனைக் காப்பதும் ஆகும்.

முடிவுரை

காரணம் அறிந்தால் மருத்துவம் செம்மையுறும். அறியாவிடினும் காக்கும் கடமை நீங்குவதில்லை. கோழியின் சிறுவிலையும் அக்கடமையைக் குறைப்பதில்லை. குறள் பேசுவது உயிரின் துன்பத்தையே. கோழி பிழைக்காது போகலாம். அப்போதும், அதன் இறுதிநாள்களில் தாகமும் குளிரும் அச்சமும் குறைந்திருந்தன எனின், வளர்த்தவர் தம் கடமையை ஆற்றினார் என்றே கொள்ளவேண்டும்.