றஹ்னு என்னும் அடைமானம்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

பள்ளிக்கூடம் திறக்கும் காலம் வந்தால் நம் பெண்மக்களின் காப்பும் சங்கிலியும் அடகுக் கடைக்குப் போவதை நாம் கண்டு வருகிறோம். ஆகவே ‘றஹ்னு’ என்னும் சொல்லின் கருத்தைச் சிறிது சிந்திப்போம்.

றஹ்னு என்றால் பிடித்து வைத்தல். கடனுக்கு ஈடாக ஒரு பொருளைக் கடன் தந்தவரிடம் ஒப்படைப்பதே ஷரீஅத்தில் றஹ்னு எனப்படும். பிரயாணத்தில் எழுதுவோர் கிடைக்காவிட்டால் ஈடு பெறலாம் என்று திருக்குர்ஆன் (2:283) அனுமதிக்கிறது. ஊரில் இருக்கும்போதும் ஆகும் என்பதற்கு நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களின் செயலே சான்று. அவர்கள் மதீனாவில் வபாத்தானபோது, அவர்களுடைய கவசம் 30 ஸாஉ வாற்கோதுமைக்காக ஒரு யூதரிடம் ஈடாக இருந்தது. ஆகவே அடைமானம் வைப்பது இழிவுமன்று, ஹராமுமன்று. அதனோடு ஒட்டிக்கொண்டு வரும் வட்டிதான் ஹராம்.

கணக்குப் பாருங்கள். மலேசியாவில் 1972ஆம் ஆண்டின் அடகுச் சட்டம் மாதம் நூற்றுக்கு 2 வட்டி வாங்க இடந்தந்தது. 1,000 வெள்ளிக்கு வருஷம் 240 வெள்ளி! 1992இல் திரெங்கானுவில் தொடங்கிய ‘அர்-ரஹ்னு’ முறையிலோ கடனுக்கு வட்டியில்லை. நகையைக் காத்து வைப்பதற்குக் கூலி மட்டுமே. அக்கூலி நகையைப் பொறுத்ததாய் இருக்கவேண்டும். கடன் தொகையைப் பார்த்து ஏறுமானால், வட்டியே பெயரை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறது என்று அறிக.

தமிழ்நாட்டில் நம்மவரிடையே வீட்டை ஒத்திக்குப் பிடிக்கும் வழக்கமும் உண்டு. பணத்தைக் கொடுத்து, வாடகையின்றிக் குடியிருந்து, முடிவில் முழுத் தொகையையும் பெற்றுக்கொள்கிறார்கள். “நாங்கள் வட்டி வாங்கவில்லையே” என்பார்கள். கொடுக்காத வாடகை எதனால் கிடைத்தது? கடனால் அல்லவா? ஈட்டுப் பொருளின் பயன் அதன் சொந்தக்காரருக்கே உரியது என்பது ஷாபிஈ மத்ஹபின் தீர்ப்பு. நியாயமான வாடகை கொடுத்துக் குடியிருப்பதே பேணுதலாகும்.

தவணை தப்பிய மாத்திரத்தில் பொருள் கடன் கொடுத்தவருக்குச் சொந்தமாகிவிடாது. விற்றால், கடன் போக மிச்சத்தை உரியவரிடம் சேர்க்கவேண்டும்.

சகோதரர்களே! ஒவ்வோர் ஆத்மாவும் தான் சம்பாதித்ததற்கு ஈடாகப் பிடிக்கப்பட்டிருக்கிறது என்று 74:38இல் அல்லாஹ் எச்சரிக்கிறான். அங்கும் அதே றஹ்னுச் சொல்தான். நகையை மீட்கச் சீட்டு உண்டு, தவணை உண்டு. நம்மை மீட்பதற்கோ ஈமானும் நல்ல அமலும் தவிர வேறில்லை. தவணை எந்நாள் முடியுமென்றும் நமக்குத் தெரியாது. வட்டியின் நிழலிலிருந்து நம்மையும் நம் பிள்ளைகளையும் வல்ல நாயன் காப்பானாக! ஆமீன்.