கற்பனை விலகி நிற்கும் இடம்

எழும்பிக்கொண்டிருக்கும் ஒரு கட்டடத்தில் காவற்காரக் கிழவர் கொலையுண்டு கிடக்கிறார். அங்கே வேலை பார்த்த ஒவ்வொருவருக்கும் அவர்மேல் ஏதோ ஒரு பகை. கொல்வதற்கு ஏதோ ஒரு காரணம். விசாரணைக்கு வந்த அதிகாரி எல்லாரையும் கேட்கிறார். எல்லாரும் ஏதோ சொல்கிறார்கள். நாவல் முடிந்துவிடுகிறது. கொன்றது யார் என்பது மட்டும் முடிவதில்லை.

மெக்ஸிகோ எழுத்தாளர் விசெந்தே லென்யேரோவின் 'கொத்தனார்கள்' இப்படித்தான் நம்மைக் கைவிடுகிறது. 1963இல் ஸ்பெயினின் பிப்லியோதேகா ப்ரேவே பரிசு அதற்குக் கிடைத்தது. முந்தைய ஆண்டு அந்தப் பரிசைப் பெற்றவர் மரியோ வார்காஸ் யோசா என்றால் மேடையின் உயரம் விளங்கும். பின்னர் ஹோர்ஹே ஃபோன்ஸ் அதைப் படமாக்கினார். திரைக்கதையில் லென்யேரோவின் கையும் இருந்தது. 1977இல் பெர்லின் விழாவில் படம் வெள்ளிக் கரடி பெற்றது.

கொலைக்கதையைப் படிக்கும் நாம், எழுதப்படாத ஓர் உடன்படிக்கையோடுதான் புத்தகத்தைத் திறக்கிறோம். கடைசிப் பக்கத்தில் நமக்கு ஒரு பெயர் வேண்டும். அது கிடைத்ததும் மனத்தில் பரவும் அமைதியை நீதியின் அமைதி என்று எண்ணிக்கொள்கிறோம். கொஞ்சம் உள்ளே இறங்கிப் பார்த்தால், குற்றம் இன்னொருவன் வீட்டு வாசலில் இறக்கிவைக்கப்பட்டுவிட்டது, இனி நம்மைத் தேடி வராது என்ற ஆறுதலாகவே அது பெரும்பாலும் இருக்கிறது. அந்த ஆறுதலைத் தர மறுத்தபோது லென்யேரோவுக்கு வயது முப்பது. அந்த வயதில் எழுத்தாளனுக்கு வாசகனின் அன்பு தேவைப்படும். மறுப்பதற்குத் துணிவு வேண்டும்.

குவாதலஹாராவில் 1933இல் பிறந்தவர். படித்தது சிவில் எஞ்சினியரிங். வானொலித் தொடர்களும் தொலைக்காட்சித் தொடர்களும் எழுதிப் பழகியவர். கணக்குத் தவறிய கட்டடம் ஒருநாள் இடிந்து தன் பிழையைத் தானே சொல்லிவிடும். பொய்யான வாக்கியமோ இடிவதே இல்லை. சில சமயம் உண்மையைவிட உறுதியாக நிற்கும். இரண்டு தொழிலையும் கற்றவரை இந்த வேறுபாடு உறுத்தியிருக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

1976 ஜூலை 8 மெக்ஸிகோ இதழியல் மறக்காத நாள். எக்ஸெல்சியோர் நாளிதழ் ஊழியர்களே உரிமையாளர்களாக இருந்த ஒரு கூட்டுறவு. ஹூலியோ ஷெரர் கார்சியாவின் ஆசிரியத்துவத்தில் அது ஆட்சியாளர்கள் விரும்பாததையும் அச்சிடப் பழகியிருந்தது. அதிபர் லூயிஸ் எச்செவெரியாவின் அரசு கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வரவில்லை. அதற்குத் தேவையும் இருக்கவில்லை. கூட்டுறவுக்குள்ளேயே பிளவு வளர்க்கப்பட்டது. ஷெரருக்கு ஆதரவான அறிக்கை வரவேண்டிய பக்கம் அன்றைய இதழில் வெற்றுத்தாளாக வெளிவந்தது. கூட்டம் கூடியது, ஷெரர் நீக்கப்பட்டார், அவரோடு பலர் வெளியே நடந்தார்கள். அந்தக் குழுமத்தின் 'ரெவிஸ்தா தெ ரெவிஸ்தாஸ்' இதழை நடத்திக்கொண்டிருந்த லென்யேரோவும் அவர்களில் ஒருவர். நான்கு மாதம் சென்று, நவம்பர் 6 அன்று, அதே எச்செவெரியா இன்னும் பதவியில் இருக்கும்போதே 'புரோசெசோ' வார இதழின் முதல் பிரதி கடைகளுக்கு வந்தது. ஷெரருக்கு அடுத்த நிலையில் இருந்து லென்யேரோ அதை நெடுங்காலம் நடத்தினார்.

1978இல் அவர் 'பத்திரிகையாளர்கள்' என்ற நூலை எழுதினார். நாவல் என்றே அதைச் சொன்னார். ஆனால் நடந்தது எக்ஸெல்சியோரில் நடந்ததுதான், மனிதர்களும் தங்கள் சொந்தப் பெயர்களோடுதான் வருகிறார்கள். பெயரை மாற்றிவிட்டால் யாரையும் எதையும் செய்ய வைக்கலாம். எதிரியைக் கொஞ்சம் கறுப்பாக்கலாம், தன்னைக் கொஞ்சம் வெளுப்பாக்கலாம், யாரும் கேட்க முடியாது. பெயரை விட்டுவைப்பவன் ஒவ்வொரு வரிக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டவனாகிறான். அநீதி இழைக்கப்பட்டவனின் சாட்சியத்தை உலகம் எளிதில் நம்புகிறது. அதனாலேயே அவனுக்கு மிகைப்படுத்தும் ஆசை மற்றவர்களைவிடக் கூடுதலாக வருகிறது. நம் வீட்டுச் சண்டைகளில்கூட இதை நாம் அறிவோம்: பாதி உண்மையோடு தொடங்கி, கேட்பவரின் முகத்தில் இரக்கம் தெரியத் தெரிய மீதிப் பாதியையும் நாமே செய்து முடித்துவிடுகிறோம்.

அதே 1978இல் முன்னாள் ஆளுநர் கில்பெர்த்தோ ஃப்ளோரெஸ் முன்யோசும், எழுத்தாளரான அவர் மனைவியும் மெக்ஸிகோ நகரத்தில் தங்கள் வீட்டிலேயே வெட்டிக் கொல்லப்பட்டார்கள். நாடே கதை கட்டியது. லென்யேரோ வழக்கின் தாள்களை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வாக்குமூலங்கள், காவல்துறையின் குறிப்புகள், செய்தித்தாள்கள் ஆகியவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி 1985இல் 'கொலை' என்ற நூலைத் தந்தார். ஓர் உரையாடலை உருவாக்கிச் சேர்ப்பது அவருக்கு எத்தனை எளிதாக இருந்திருக்கும்! உரையாடல் எழுதுவதுதான் அவர் தொழிலே. அந்தக் கை அங்கே கட்டப்பட்டிருந்தது, கட்டிக்கொண்டதும் அவரேதான். கொல்லப்பட்டவர்களின் பேரன்மேல் நீதிமன்றம் தீர்ப்பு எழுதியது. நூலாசிரியர் தன் பங்குக்கு இன்னொரு தீர்ப்பு எழுத மறுத்தார். மெக்ஸிகோ விடுதலைப் போரின் நாயகன் மொரேலோஸைப் பற்றிய நாடகத்திலும் அவர் வழக்குப் பதிவேடுகளின் பக்கமே நின்றார். சிறையில் தளர்ந்து, தன் தரப்புப் படைகளின் விவரங்களை எதிரியிடம் சொன்ன மொரேலோஸ் அந்தப் பதிவேடுகளில் இருந்தார். சிலைகளில் அவர் இல்லை. நாடகம் எழுப்பிய சினத்தைச் சொல்லவே வேண்டாம்.

இத்தனை கட்டுப்பாடுள்ள ஒருவர் திரைக்கதைக்குள் நுழைந்ததும் என்ன செய்தார் என்பதுதான் வியப்பு. நகீப் மஹ்ஃபூஸின் நாவலிலிருந்த கெய்ரோச் சந்து ஒன்றை அப்படியே பெயர்த்து மெக்ஸிகோ நகரத்தின் பழைய மையப்பகுதியில் வைத்தார். 1995இல் அது ஃபோன்ஸின் இயக்கத்தில் 'அற்புதங்களின் சந்து' ஆயிற்று. எஸா தெ கெய்ரோஸின் நாவலிலிருந்த பத்தொன்பதாம் நூற்றாண்டுப் போர்த்துகீசியப் பாதிரியாரைத் தன் காலத்து மெக்ஸிகோவின் ஒரு சிற்றூருக்கு அழைத்துவந்தார். லூயிஸ் எஸ்த்ராதாவோடும் மற்றவர்களோடும் சேர்ந்து எழுதிய 'ஏரோதின் சட்டம்' 1999இல் வெளிவந்தது. அப்போது ஆண்டுகொண்டிருந்த பிஆர்ஐ கட்சியைப் பெயர் சொல்லியே அந்தப் படம் நகைத்தது. அடுத்த ஆண்டே, 71 ஆண்டு ஆட்சிக்குப் பின், அந்தக் கட்சி அதிபர் தேர்தலில் தோற்றது. படம்தான் காரணம் என்று சொல்வது சினிமாக்காரர்களின் ஆசை. அதை நாம் புன்னகையோடு விட்டுவிடலாம்.

ஒரு நூலில் ஒரு சொல்லைக்கூடச் சேர்க்க மறுத்தவர் இன்னொரு படைப்பில் நாட்டையும் நூற்றாண்டையும் மாற்றிவிடுகிறார். இதை முரண் என்று நினைப்பது, கற்பனையும் உண்மையும் ஒன்றுக்கொன்று பகை என்ற பழைய எண்ணத்திலிருந்து வருகிறது. அவை பகைவர்களல்லர், ஒன்றின் எல்லைக்குள் மற்றொன்று மாறுவேடத்தில் புகும்போதுதான் கேடு பிறக்கிறது. 'இது நான் புனைந்தது' என்று சொல்லிப் புனைபவன் உண்மையிலிருந்து எதையும் திருடுவதில்லை, ஏனெனில் அவன் நம்மிடம் கேட்பது நம் நம்பிக்கையை அன்று, சற்று நேரத்து இசைவை மட்டுமே. 'இது நடந்தது' என்று சொல்லிக்கொண்டே, அறியாத இடங்களையெல்லாம் தன் ஊகத்தால் நிரப்புகிறவனோ, இறந்தவர்களின் வாயில் சொற்களையும் இருப்பவர்களின் நெஞ்சில் நோக்கங்களையும் வைத்து, தங்கள் வாழ்க்கையைப் பற்றித் தாங்களே சாட்சி சொல்லும் உரிமையை அவர்களிடமிருந்து பறித்துவிடுகிறான். ஆகவே, தெரியாது என்று எழுதுவதற்கு ஆகும் ஒழுக்கம், தெரிந்ததை எழுதுவதற்கு ஆகும் ஒழுக்கத்தைவிடக் கடினமானது. அறிவு முடியும் எல்லையில் நின்றுகொண்டு, அங்கிருந்து அப்பால் ஓர் அடியும் வைக்காமல், வைக்க முடியாததை வாசகனிடமும் மறைக்காமல் இருப்பது, மனிதனுக்கு மனிதன் தரக்கூடிய மரியாதைகளில் மிக அரிதான ஒன்று. அந்த எல்லையை நன்றாக அறிந்தவனுக்குத்தான், அதைத் தாண்டிவிட்டதாக வெளிப்படையாகச் சொல்லிவிட்டு முழு விடுதலையோடு பறக்கவும் முடிகிறது.

லென்யேரோ கத்தோலிக்க விசுவாசி. ஏசுவின் வாழ்க்கையை மெக்ஸிகோவின் ஏழைகளிடையே நடப்பதாக வைத்து 1979இல் ஒரு நாவலே எழுதியவர். அந்தப் போர்த்துகீசியப் பாதிரியாரின் கதை கார்லோஸ் கரேராவின் இயக்கத்தில் 'பாதர் அமாரோவின் குற்றம்' என்று 2002இல் திரைக்கு வந்தபோது, திருச்சபையைச் சேர்ந்தவர்கள் தடை கேட்டார்கள். மக்கள் திரளாகச் சென்று பார்த்தார்கள். அதுவரை வந்த மெக்ஸிகோ படங்களில் அதிகம் வசூலித்தது என்ற பெயர் அதற்கு அமைந்தது. சபையை நேசித்தவர் ஏன் இதை எழுதினார் என்று கேட்டவர்களுக்குப் படத்தின் முடிவே போதும். இளம் பாதிரியாரால் கருவுற்ற பெண், கள்ளத்தனமாகச் செய்த கருக்கலைப்பில் சாகிறாள். ஊருக்குள் வேறொரு கதை பரவுகிறது: பழைய காதலன்தான் காரணம், பாதிரியார் அவளைக் காப்பாற்றப் பாடுபட்டார். அவளுக்கான இறுதிப் பூசையை அமாரோவே நடத்துகிறார். ஊர் மனப்பூர்வமாக அந்தக் கதையை நம்புகிறது. நடந்தது முழுவதும் தெரிந்தவர்களாக இருக்கையில் உட்கார்ந்திருப்பவர்கள் நாம். அதை வைத்துக்கொண்டு என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல ஒரு நீதிபதியையோ காவலரையோ அந்தக் காட்சிக்குள் லென்யேரோ அனுப்பவில்லை.