எழுதப்பட்டவளின் பதில்

1862 ஆகஸ்டில் சோஃபியா பெர்ஸ் என்ற 18 வயதுப் பெண், வீட்டுக்கு அடிக்கடி வந்துபோகும் எழுத்தாளர் ஒருவரிடம் தான் எழுதிய கதையைப் படிக்கக் கொடுத்தார். கதையின் பெயர் 'நடாஷா'. அதில் ஒரு கோமகன் வருகிறார். வயது கூடியவர், முகம் லட்சணமில்லாதவர், சொன்ன கருத்தில் நிலைத்து நிற்காதவர். அந்த ஆள் தான்தான் என்று படித்தவருக்கு உறைத்தது. ஆனாலும் கதையில் இருந்த உண்மையையும் எளிமையையும் அவர் டைரியில் மெச்சி எழுதிவைத்தார். அவர்தான் லியோ டால்ஸ்டாய். அடுத்த மாதமே இருவருக்கும் திருமணம். அதற்குள் சோஃபியா அந்தக் கதையையும் தன் சிறுவயது டைரிகளையும் தீயில் போட்டுவிட்டார்.

மாப்பிள்ளை செய்தது நேர்மாறு. 34 வயதுவரை தான் வாழ்ந்த வாழ்க்கையை, பழைய உறவுகள் உட்பட, எழுதிவைத்திருந்த டைரிகளை அந்தப் பெண்ணின் கையில் கொடுத்துத் திருமணத்துக்கு முன்பே படிக்கச் சொன்னார். ஒளிவுமறைவு கூடாது என்பது அவர் எண்ணம். அதனால் அவர் மனச்சாட்சி லேசாகியிருக்கலாம்; பாரம் முழுவதும் சோஃபியா தலையில் ஏறியது. பின்னாளில் அவர் எழுதிய 'அன்னா கரீனினா' நாவலில் லெவின் தன் டைரியைக் கிட்டியிடம் நீட்டும் காட்சி இதிலிருந்து வந்தது.

அதன்பின் 48 ஆண்டு இல்வாழ்க்கை. 13 பிள்ளைகள் பிறந்து 8 பேர் வளர்ந்து ஆளானார்கள். தமிழில் 'போரும் வாழ்வும்' என்று நாம் படிக்கும் பெருநாவலை டால்ஸ்டாய் எழுதியபோது, வீட்டுவேலை ஓய்ந்து பிள்ளைகள் தூங்கியபின் உட்கார்ந்து நல்ல பிரதி எடுத்தவர் சோஃபியா. ஓரத்தில் கிறுக்கியவை, வரிகளுக்கு நடுவே செருகியவை, குறுக்காக ஓடியவை என்று அந்தக் கையெழுத்து எழுதியவருக்கே சில நேரம் பிடிபடாது; மனைவியிடம் கேட்டுத் தெரிந்துகொள்வார். விடிந்ததும் அந்தச் சுத்தமான தாளும் திருத்தங்களால் நிறைந்து திரும்பி வரும். 1885 வாக்கில் கணவரின் நூல்களைப் பதிப்பிக்கும் பொறுப்பையும் சோஃபியா ஏற்றார். அதற்குத் தொழில் நுணுக்கம் கேட்கத் தஸ்தயேவ்ஸ்கியின் மனைவி அன்னாவைத் தேடிப் போனார்.

இந்த உழைப்பு இன்று ஓரளவு பேசப்படுகிறது. மேதைக்குத் துணைநின்ற மனைவி என்ற பாராட்டை யாரும் தயங்காமல் கொடுக்கிறார்கள். அதே பெண் தானும் எழுதினார் என்பதுதான் பலருக்குத் தெரியாது.

உடன் வாழ்பவரைக் கதையாக்கும் உரிமை எழுத்தாளருக்கு உண்டா என்று கேட்டால், உண்டு என்றுதான் சொல்லவேண்டும். அதை மறுத்தால் உலக நாவல்களில் பாதியை மூடிவைக்க நேரும். சங்கடம் அதற்கடுத்த இடத்தில் வருகிறது. கதையாக்கப்பட்டவர் பேனா எடுத்துப் பதில் எழுதினால் அதைக் கேட்கவேண்டிய கடமை யாருக்கு இருக்கிறது?

'க்ராய்ட்சர் சொனாட்டா'வை டால்ஸ்டாய் 1889-இல் எழுதி முடித்தார். ரயில் பெட்டிக்குள் ஒருவன் தன் மனைவியைக் கத்தியால் குத்திக் கொன்ற கதையைச் சக பயணியிடம் சொல்கிறான். வயலின் வாசிக்கும் ஒருவனோடு அவளுக்குத் தொடர்பு என்று சந்தேகம். நீதிமன்றம் அவனை விடுவித்துவிட்டது. காமம், இசை, மருத்துவர்கள், பெண்களை வளர்க்கும் விதம் என்று எல்லாவற்றின் மேலும் அவன் குற்றம் சாட்டுகிறான். செத்தவள் பேசியதெல்லாம் கொன்றவன் வாய்வழியாகத்தான் நமக்குக் கிடைக்கிறது. போதாததற்கு டால்ஸ்டாய் ஒரு பின்னுரையும் எழுதினார்: தம்பதிகளும் உடலுறவைத் துறப்பதே உயர்ந்தது என்பது அதன் சாரம். அவர்களுடைய கடைசிப் பிள்ளை வன்யா 1888-இல்தான் பிறந்திருந்தான். ரஷ்யா முழுக்கக் கைப்பிரதிகளாகச் சுற்றிய அந்தக் கதையைப் படித்தவர்கள் டால்ஸ்டாய் தம்பதி வாழ்ந்த யாஸ்னயா போல்யானா வீட்டின் படுக்கையறையைத்தான் நினைத்தார்கள். அது தன்னைக் குறிவைத்தது, உலகத்தார் முன் தன்னைத் தலைகுனிய வைத்தது என்று சோஃபியா டைரியில் எழுதினார்.

தணிக்கை அதைத் தடுத்திருந்தது. 1891 ஏப்ரலில் சோஃபியா பீட்டர்ஸ்பர்க் போய்ப் பேரரசர் மூன்றாம் அலெக்சாந்தரை நேரில் சந்தித்து, கணவரின் நூல் தொகுப்பின் 13-ஆம் தொகுதியில் அதை வெளியிட அனுமதி வாங்கினார். தன்னைக் காயப்படுத்திய கதைக்காகத் தானே வாதாடினார். இது தன் கதையாக இருந்தால் வெளியிடச் சொல்லிக் கெஞ்சுவாளா என்று ஊர் நினைக்கட்டும் என்பது அவர் கணக்கு. பதிப்பாளராக அவருக்கு அதில் வியாபார நோக்கமும் இருந்தது, அதை மறைக்கவேண்டியதில்லை. அவர் வெறும் பலியாடாக வாழ்ந்தவரும் இல்லை. கணவருடன் சொத்துக்காகவும் பதிப்புரிமைக்காகவும் கடுமையாகச் சண்டையிட்டவர்.

அடுத்த இரண்டு ஆண்டுகளில் அவர் எழுதிய குறுநாவலின் பெயர் 'யார் குற்றம்?'. க்ராய்ட்சர் சொனாட்டாவை முன்னிட்டு டால்ஸ்டாயின் மனைவி எழுதியது என்று தலைப்பின் கீழேயே குறித்தார். நாயகி அன்னாவுக்கு 18 வயது. அவளை மணக்கும் கோமகன் புரோசோர்ஸ்கி 35-ஐ எட்டியவன். கல்யாணம் முடிந்து கணவனின் ஊருக்குப் போகும் வண்டிக்குள் அந்தப் பெண் நடுங்குவதைச் சோஃபியா அவள் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறார். கணவன் அவளுடைய அழகை விரும்புகிறான். அவள் படிப்பதும் யோசிப்பதும் பிள்ளை வளர்ப்பதும் அவனுக்கு ஒரு பொருட்டில்லை. கணவனின் பழைய நண்பன் பெஹ்மேத்தெவ் நோயாளி. அவன் அவளோடு உட்கார்ந்து பேசுகிறான், அவள் சொல்வதைக் கேட்கிறான். அதற்கு மேல் அங்கே எதுவும் நடக்கவில்லை. பொறாமையில் கணவன் மேஜைமேல் இருந்த கனத்த பளிங்குத் தாள்கனத்தை எடுத்து வீசுகிறான். அவள் செத்துப்போகிறாள். கத்தி போய், எழுதும் மேஜையின் பொருள் வந்துவிட்டது. இதை அந்த வீட்டில் இருந்து எழுதியவர் சும்மா தேர்ந்திருக்கமாட்டார்.

கலை என்ற அளவில் இரண்டையும் தராசில் வைத்தால் டால்ஸ்டாயின் தட்டே தாழும். சோஃபியாவின் அன்னா குறையே இல்லாத தூயவளாக வருகிறாள். கணவன் பக்கம் பெரும்பாலும் இருட்டு. வாதம் சில இடங்களில் கதையை மிதித்துக்கொண்டு நடக்கிறது. தரமற்ற பதிலை எதற்காகப் படிக்கவேண்டும் என்று கேட்பவர்கள் இதைத்தான் எடுத்துக்காட்டுவார்கள். ஆனால் அதே அளவுகோலைக் கொலைகாரனின் நீண்ட பிரசங்கத்துக்கு யாரும் வைப்பதில்லை. அங்கே வாதம் கதையை மிதித்தால் அது தத்துவமாகிவிடுகிறது. இன்னொன்றும் உண்டு. ஒருவர் ஆண்டாண்டாகத் தன் பேனாவைத் தீட்டிக்கொண்டிருந்தபோது மற்றவர் அந்தப் பேனா எழுதியதைப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தார். அப்படி இருக்க, இருவரின் கைத்திறனையும் ஒரே கோட்டில் நிறுத்திப் பார்ப்பது நியாயமாகாது.

'யார் குற்றம்?' நெருங்கியவர்கள் நடுவே வாசிக்கப்பட்டதோடு சரி. கைப்பிரதி பெட்டிக்குள் போனது. அதே குடும்பத்தில் மகன் லேவ் எழுதிய பதில் கதை, 'ஷோப்பனின் ப்ரெலூட்', 1898-இல் அச்சேறியது. தந்தையை மகன் மறுத்து எழுதுவதைச் சமூகம் தாங்கிக்கொண்டது. டால்ஸ்டாய் இறந்தபின் அவர் சீடர் செர்ட்கோவ், டால்ஸ்டாய் கடைசியில் வீட்டைவிட்டு வெளியேறியதைப் பற்றி 1922-இல் ஒரு நூல் எழுதிப் பழியைப் பெரிதும் மனைவி மேல் சுமத்தினார். சோஃபியா 1919-லேயே இறந்துவிட்டார். மறுத்துச் சொல்ல ஆள் இல்லை. 1928-இல் செர்ட்கோவின் தலைமையில் தொடங்கிய டால்ஸ்டாயின் முழுத் தொகுப்பு 1958-இல் 90 தொகுதிகளாக நிறைவடைந்தது. சோஃபியாவின் குறுநாவல் மாஸ்கோவின் 'அக்டோபர்' இதழில் வெளிவந்தது 1994-இல்.

இந்த நூறாண்டுத் தாமதத்துக்குப் பொறுப்பை டால்ஸ்டாய் ஒருவர் மேல் போட்டுவிட்டுத் தப்பிக்க முடியாது. அவர் எழுதினார், அது அவர் உரிமை. ஆவணக் காப்பகங்களைக் கையில் வைத்திருந்தவர்களும், மனைவியைச் சண்டைக்காரி என்று மட்டுமே வரைந்த வாழ்க்கை வரலாற்றாசிரியர்களும், ஒரு தரப்பைப் படித்துவிட்டே அந்தக் குடும்பத்துக்குத் தீர்ப்பு சொன்ன வாசகர்களும் இதில் பங்காளிகள். தீர்ப்பு சொல்லாமல் க்ராய்ட்சர் சொனாட்டாவைக் கதையாக மட்டும் படிப்பவருக்கு மறுதரப்பைப் படிக்கும் கட்டாயம் இல்லை. அந்தத் திருமணத்தைப் பற்றி ஒரு வாக்கியம் பேசினாலும் அந்தக் கட்டாயம் வந்துவிடுகிறது.

இப்போது 'க்ராய்ட்சர் சொனாட்டா', 'யார் குற்றம்?' இரண்டும் ஒரே அட்டைக்குள் ஆங்கிலத்தில் கிடைக்கின்றன. பெரிய மாற்றம்தான், ஆனாலும் அதில் சோஃபியா பின்னிணைப்புப் போலத்தான் வருகிறார், கணவரின் கதை இல்லாமல் அவருக்கு இடமில்லை என்பதுபோல. 'சொற்களில்லாத பாட்டு' என்று அவர் இன்னொரு குறுநாவல் எழுதினார். தாயை இழந்த துக்கத்தில் இருக்கும் ஒருத்தி ஓர் இசைக் கலைஞரின் இசையில் ஆறுதல் தேடி, மெல்ல அவரிடமே மனத்தைப் பறிகொடுக்கும் கதை. வன்யாவை ஏழு வயது நிறையுமுன் 1895-இல் இழந்தபின், இசையமைப்பாளர் தனேயெவின் பியானோ சோஃபியாவுக்குத் துணையாக இருந்தது. கதை அங்கிருந்து பிறந்தது. 'யார் குற்றம்?' போல அது நேரடியான பதில் இல்லை. சோஃபியாவை எழுத்தாளராக எடைபோட விரும்புகிறவர்கள் அதிலிருந்து தொடங்கலாம்.